படத்தில் இருக்கிற பாயின்ட், காட்டில் எந்த இடம்?

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டாங்காடு. கிணறு வற்றிவிட்டது. போன வருஷம் போட்ட போர் 650 அடி, புகைதான் வந்தது. இப்போது நகையை அடகு வைத்து இன்னொரு போர் போடப் பார்க்கிறோம். பூமி பார்க்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டோம். கருவி வைத்துப் பார்த்தார், டிரோனும் பறக்கவிட்டார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மேலேயிருந்து எடுத்த படம். அதில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, கீழே 'பாயின்ட் 780, 580' என்று எழுதியிருக்கிறது. காட்டில் குச்சி கூட அடிக்கவில்லை. போனில் கேட்டால், "அதான் படத்துலயே இருக்குதுங்களே" என்கிறார். வீட்டுக்காரர் வேப்பமரத்துக்குக் கிழக்கே என்கிறார். கொழுந்தனார் மேற்கே என்கிறார். வண்டிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த எண்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முடியும், சகோதரி. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடியாது.

இந்தக் கடிதத்துக்கு அடுத்த இதழில் பதில் எழுதினால், அதற்குள் வண்டி வந்து போயிருக்கும். அதனால் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசி, வண்டியைப் பத்து நாள் தள்ளிப் போடச் சொன்னேன். படத்தையும் அனுப்பச் சொன்னேன். இங்கே எழுதுவது அவருக்கும் எனக்கும் ஒரு வாரமாக நடந்த பேச்சின் சுருக்கம். ஊர் அடையாளம் தெரிய வேண்டாம் என்பதற்காகவும், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்பதற்காகவும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மாற்றியிருக்கிறேன். முறை அதேதான்.

முதலில், ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. டெல்டா மணல் மாதிரி பரவலாகத் தண்ணீர் நிற்காது. பாறை விரிசலில்தான் ஓடும். அந்த விரிசல் செங்குத்தாக, ஒடுக்கமாக இருந்தால் பத்து மீட்டர் தள்ளிப் போட்ட போர் அதைத் தொடாமலே கீழே போய்விடும். பாயின்ட் சரியாகவே பார்த்துக் கொடுத்திருந்தாலும், அதைக் காட்டில் தப்பான இடத்தில் வைத்தால் பார்த்ததற்கு அர்த்தமே இல்லை.

இப்போது '780, 580' என்றால் என்ன? கணினியில், செல்போனில் தெரிகிற எந்தப் படமும் பொடிப்பொடிக் கட்டங்களால் ஆனது. கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். இதைத்தான் பிக்சல் என்கிறார்கள். படத்தின் இடதுபக்க மேல் மூலையிலிருந்து வலதுபக்கமாக 780 கட்டம், அங்கிருந்து கீழ்நோக்கி 580 கட்டம் எண்ணினால் வருகிற இடம்தான் அவர் சொன்ன பாயின்ட். இது படத்தின் விலாசம், நிலத்தின் விலாசம் அல்ல. நிலத்தின் விலாசம் அட்சரேகை, தீர்க்கரேகை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

சகோதரியின் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கெட்டிக்காரப் பையன். நான் சொல்வதற்கு முன்பே படத்தைக் கணினியில் 'பெயின்ட்' செயலியில் திறந்து பார்த்திருக்கிறான். அதில் அம்புக்குறியை நகர்த்தினால் கீழே ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடும். அதுதான் பிக்சல் கணக்கு. 780, 580 என்று தேடிப் போனால், படத்தின் வலது கீழ் மூலையில், ரோட்டோரப் புளியமரத்தில் போய் நிற்கிறது. சிவப்புக் குறியோ படத்தின் நடுவில் இருக்கிறது! "எண் தப்பா, குறி தப்பா?" என்று கேட்டான்.

இரண்டுமே சரி. படம்தான் மாறிவிட்டது. பூமி பார்த்தவரிடம் இருந்த மூலப்படம் 1600 கட்ட அகலம், 1200 கட்ட உயரம். வாட்ஸ்அப்பில் கை மாறி வந்ததில் படம் சுருங்கி 800-க்கு 600 ஆகிவிட்டது. மூலப்படத்தில் 780, 580-இல் இருக்கிற குறி, சுருங்கிய படத்தில் 390, 290-இல் இருக்கும். இது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. படத்தைப் படமாக அனுப்பாதீர்கள், 'டாகுமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. ஓரம் வெட்டிய படம் இன்னும் மோசம். அதில் எண்கள் பாதியாவது இல்லை, தொடக்கமே நகர்ந்துவிடும். எனவே முதல் விதி: எல்லா அளவையும் ஒரே படத்தில், ஒரே கோப்பில் எடுக்க வேண்டும். மூலப்படத்தை வாங்கிய பிறகுதான் நாங்கள் மேலே போனோம்.

சுலபமான படத்திலிருந்து ஆரம்பிப்போம். படத்தின் மேல்பக்கம் சரியாக வடக்காக இருந்தால் இரண்டு அடையாளம் போதும். படத்திலும் தெரிய வேண்டும், காட்டிலும் நீங்கள் போய் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, தென்மேற்கில் ஒரு கல்; படத்தில் 200, 1000. அங்கே செல்போன் காட்டுகிற அட்சரேகை 11.50000, தீர்க்கரேகை 78.00000. வடகிழக்கில் ஒரு கிணறு. படத்தில் 1400, 200. அங்கே அட்சரேகை 11.50200, தீர்க்கரேகை 78.00300.

இரண்டுக்கும் நடுவே படத்தில் குறுக்காக 1200 கட்டம். நிலத்தில் தீர்க்கரேகை 0.00300 கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு 0.0000025. உயரத்தில் 800 கட்டம், அட்சரேகை 0.00200 கூடுகிறது. அதுவும் கட்டத்துக்கு 0.0000025. நம் பக்கத்தில் இது சுமார் 27 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண் நாலு விரல். இனி, படத்தில் 860, 440-இல் ஒரு பாயின்ட் இருந்தால், கல்லிலிருந்து வலப்பக்கம் 660 கட்டம், தீர்க்கரேகை 78.00165. கல்லிலிருந்து மேலே 560 கட்டம், அட்சரேகை 11.50140. வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது. நானே விழுந்த குழி. படத்தில் எண் மேலிருந்து கீழே போகப் போகக் கூடும். அட்சரேகையோ தெற்கிலிருந்து வடக்கே, அதாவது கீழிருந்து மேலே போகப் போகக் கூடும். இரண்டும் எதிரெதிர். மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தபோது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் பிரித்து மண் மாதிரி எடுத்தோம். ஒரு கிராமத்துக்கு நானே படத்தில் பாயின்ட் குறித்து, இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டு எண்களை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் உதவி அலுவலர் போன் செய்தார்: "சார், நீங்க சொன்ன நாலாவது இடம் ஏரிக்குள்ள இருக்கு. பரிசல் எடுத்துட்டுப் போகட்டுமா?" கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டி, ஊரையே தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறேன். ஏரி இல்லாத ஊராக இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே ஒருவர் நிலத்து மண்ணுக்கு இன்னொருவர் பெயரில் அட்டை போயிருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் இந்தத் தப்பைச் செய்தால் பாயின்ட் 310 மீட்டர் தெற்கே போய்விடும்.

சகோதரியின் படம் இவ்வளவு சுலபமாக இல்லை. டிரோன் ஓட்டியவர் உழவு சாலுக்கு ஒட்டினாற்போல் பறக்கவிட்டிருக்கிறார். அதனால் படத்தின் மேல்பக்கம் வடக்கு இல்லை. வடக்கிலிருந்து 16 டிகிரி மேற்கே சாய்ந்திருந்தது. சாய்ந்த படத்துக்கு இரண்டு அடையாளக் கணக்கு செல்லாது. அப்படியே போட்டிருந்தால் எவ்வளவு தப்பியிருக்கும் என்று பிறகு பார்த்தேன், 120 மீட்டர். அடுத்தவர் காட்டையும் தாண்டியிருக்கும்.

சாய்ந்த படத்துக்கு மூன்று அடையாளம் வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. பாயின்ட் அந்த மூன்றுக்கும் நடுவில் வரும்படி, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூலையில் எடுத்தால், ஒரு பக்கம் மட்டும் கட்டிய பந்தல் மாதிரி மறுபக்கம் ஆடும். 1802-இல் லாம்டன் என்கிற அதிகாரி சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோத்துத்தான் இந்தியாவையே அளக்க ஆரம்பித்தார். நாம் செய்வது அந்த வேலையில் கடுகளவு.

எதை அடையாளமாக எடுப்பது? கிணற்றின் சுவர் மூலை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் மேடையின் மூலை, எல்லைக்கல் இவையெல்லாம் நல்லவை. மரம் வேண்டாம். டிரோன் படத்தில் உயரமான மரத்தின் தலை ஒரு பக்கம் சாய்ந்து விழுந்த மாதிரி தெரியும், அடிமரம் எங்கே என்று தெரியாது. வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, வாய்க்கால் வளைவு வேண்டவே வேண்டாம். படம் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நகர்ந்திருக்கும்.

அவர்கள் எடுத்த மூன்று: பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மூலை (படத்தில் 200, 1000), ஊராட்சி ரோட்டுச் சிறுபாலம் (1200, 800), கருப்பனார் கோயில் மேடை (400, 200). மகன் ஒவ்வொரு இடத்திலும் செல்போனை மேடையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தான். ஜி.பி.எஸ். திறந்தவுடன் காட்டுகிற எண்ணை நம்பக் கூடாது, அது மெல்ல மெல்லத்தான் நிலைக்கு வரும். வெட்டவெளியில் நல்ல செல்போன் 3 முதல் 5 மீட்டர் வரை தப்பலாம். தென்னந்தோப்புக்குள், பாறைச் சரிவில் இன்னும் கூடும். காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எடுத்துச் சராசரி போடச் சொன்னேன்.

கிணறு: அட்சரேகை 11.50000, தீர்க்கரேகை 78.00000. பாலம்: 11.50118, 78.00226. கோயில்: 11.50206, 77.99992.

இதைச் செய்ய கணினியில் இலவசச் செயலிகள் உண்டு. கியூஜிஐஎஸ் என்று ஒன்று. படத்தில் அடையாளங்களைச் சொடுக்கி எண்களைக் கொடுத்தால் அதுவே படத்தை நிலத்தில் உட்காரவைத்துவிடும். கூகுள் எர்த்திலும் படத்தைப் போர்வை மாதிரி விரித்துத் திருப்பிப் பொருத்தலாம். ஆனால் சகோதரி வீட்டில் கணினி மகனின் சிநேகிதன் வீட்டுக் கணினிதான். அதனால் ஸ்கேலும் பென்சிலும் வைத்துச் செய்கிற வழியைச் சொன்னேன். எனக்கும் அதுதான் பிடிக்கும். கண்ணுக்கு முன்னால் நடக்கும், யாரும் ஏமாற்ற முடியாது.

படத்தைப் பெரிய தாளில் பிரின்ட் எடுங்கள். படம் நீளவாக்கில் இழுபடாமல் இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து பாலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கிணற்றிலிருந்து கோயிலுக்கு ஒரு கோடு. இப்போது சிவப்புக் குறியிலிருந்து, கிணறு–கோயில் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இறக்குங்கள். அது கிணறு–பாலம் கோட்டை ஒரு இடத்தில் வெட்டும். அந்த வெட்டும் இடம்தான் சாவி.

அவர்கள் தாளில் அளந்தது: கிணறு முதல் பாலம் வரை 10.2 சென்டிமீட்டர், கிணறு முதல் வெட்டும் இடம் வரை 5.1. ஆக, பாதி தூரம், 0.5 பங்கு. கிணறு முதல் கோயில் வரை 8.2, வெட்டும் இடத்திலிருந்து சிவப்புக் குறி வரை 3.3. ஆக 0.4 பங்கு. 'கிணற்றிலிருந்து பாலத்தைப் பார்த்துப் பாதி தூரம் போ, பிறகு கோயில் திசைக்கு இணையாகத் திரும்பி, கோயில் தூரத்தில் 0.4 பங்கு போ.' இவ்வளவுதான். படம் சாய்ந்திருந்தாலும், சுருங்கியிருந்தாலும், பிரின்ட் சின்னதோ பெரிதோ, இந்தப் பங்கு மாறாது. தாளில் என்ன பங்கோ அதேதான் அட்சரேகையிலும், அதேதான் மண்ணிலும்.

எண்களில் போட்டுப் பார்ப்போம். கிணற்றிலிருந்து பாலத்துக்குத் தீர்க்கரேகை 0.00226 கூடுகிறது, அதில் பாதி 0.00113. கிணற்றிலிருந்து கோயிலுக்கு 0.00008 குறைகிறது (கோயில் கொஞ்சம் மேற்கே இருக்கிறது), அதில் 0.4 பங்கு, 0.00003. கழித்தால் 0.00110. பாயின்ட்டின் தீர்க்கரேகை 78.00110. அட்சரேகைக்கு: 0.00118-இல் பாதி 0.00059, 0.00206-இல் 0.4 பங்கு 0.00082, கூட்டினால் 0.00141. பாயின்ட்டின் அட்சரேகை 11.50141.

இந்த எண்களை எழுதும்போது இரண்டு விஷயம். முன்னதாக அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. தமிழ்நாட்டுக்குள் அட்சரேகை 8 முதல் 13-க்குச் சற்று மேல் வரை. தீர்க்கரேகை 76-க்குச் சற்று மேலிருந்து 80-க்குச் சற்று மேல் வரை. மாற்றி எழுதினால் உங்கள் போர், வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு தீவை ஒட்டிய கடலில் போய் நிற்கும். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை! இன்னொன்று, சிலர் பாகை, கலை, விகலை என்று எழுதித் தருவார்கள். 11 பாகை 30 கலை 5 விகலை என்பது 11.3005 அல்ல, அது 11.5014. இதை மாற்றிப் படித்தால் 22 கிலோமீட்டர் தள்ளிப் போகும். புள்ளிக்குப் பின்னால் ஐந்தாவது எண் ஏறக்குறைய 1 மீட்டர். நாலாவது 11 மீட்டர். மூன்றாவது 110 மீட்டர். யாராவது மூன்று எண்ணோடு நிறுத்திவிட்டு 'பாயின்ட்' என்று கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி, கணக்கு வந்துவிட்டது என்று கடப்பாரையை எடுக்கக் கூடாது. நாலாவது அடையாளம் ஒன்று வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எடுத்தது டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் அடி. படத்தில் 1000, 400. முதல் தடவை கணக்குப் போட்டபோது கம்பம் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் 60 மீட்டருக்கு மேல் வித்தியாசம். சகோதரிக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. தேடிப் பார்த்ததில், ரோட்டில் இரண்டு சிறுபாலம் இருக்கிறது. படத்தில் குறித்தது ஒன்று, மகன் போய் நின்றது இன்னொன்று. நாலாவது சாட்சி இல்லையென்றால் அந்த 60 மீட்டர் பிழையின் ஒரு பங்கு போர் குழியில் இறங்கியிருக்கும். சரியான பாலத்துக்குப் போய் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை கணக்கில் 11.50200, 78.00150 வந்தது. செல்போன் காட்டியது 11.50203, 78.00147. வித்தியாசம் ஐந்து மீட்டருக்குள். இது போதும்.

செல்போன் பிழை ஐந்து மீட்டர், ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அந்தத் தாளில் 2.7 மீட்டர். எல்லாம் சேர்ந்து நம் பாயின்ட் ஒரு புள்ளி இல்லை, ஏழெட்டு மீட்டர் சுற்றளவுக்குள் எங்கோ என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் குறைக்க ஒரு வழி, ஜி.பி.எஸ்.ஸையே விட்டுவிட்டு டேப் பிடிப்பது. கிணற்றிலிருந்து பாலம் 279 மீட்டர், கோயில் 228 மீட்டர். கிணற்றிலிருந்து பாலத்தை நேராகப் பார்த்து 139.5 மீட்டர் அளந்து ஒரு குச்சி. அங்கிருந்து கோயில் கோட்டுக்கு இணையாக 91 மீட்டர் அளந்து இன்னொரு குச்சி. சோளத்தட்டு அறுத்திருந்ததால் அவர்களுக்கு நேர்கோடு பிடிக்க முடிந்தது. பக்கத்துக் காட்டுக்காரரும் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தாராம். செல்போன் காட்டிய இடத்துக்கும் டேப் காட்டிய இடத்துக்கும் மூன்று எட்டு வித்தியாசம்.

குச்சி வேப்பமரத்துக்குக் கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேர் வடக்கே, இருவரும் சொன்ன இடத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் தள்ளி. பிறகுதான் பூமி பார்த்தவரை மறுபடி கூப்பிடச் சொன்னேன். இது முக்கியம். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பாயின்ட் கொடுத்தவர் அந்த இடத்தில் வந்து நின்று, "ஆமாம், இங்கேதான்" என்று சொல்லிக் குச்சி அடிக்க வேண்டும். முதலில் போனில் மழுப்பியவர், காட்டில் ஏற்கெனவே குச்சி இருக்கிறது என்றதும் வந்துவிட்டார். கருவியை வைத்துப் பார்த்துக் குச்சியை இரண்டு மீட்டர் நகர்த்தினார். வண்டி அடுத்த திங்கட்கிழமை வருகிறது. தண்ணீர் வருமா என்று சகோதரி கேட்டார். அதை நானோ இந்தக் கணக்கோ சொல்ல முடியாது. அவர் பார்த்துச் சொன்ன இடத்தில்தான் குழி விழும் என்பது வரைதான் சொல்ல முடியும்.

நான் அவரிடம் கேட்ட இன்னொரு கேள்வியை இங்கேயும் கேட்கிறேன். தண்ணீர் வராத அந்த முதல் போர் குழியை என்ன செய்தீர்கள்? அவர்கள் மேலே ஒரு சாக்கும் கல்லும் வைத்திருந்தார்கள். அது மூடி ஆகாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், ஜல்லி போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. வண்டி வருகிற அன்றே, புதுக் குழியில் வருகிற கல்துகளையே எடுத்து அதை நிரப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: என் நிலம் பட்டாவில் 1 ஏக்கர். செல்போன் செயலியை வைத்து வரப்பைச் சுற்றி நடந்தேன். 82 சென்ட் என்று காட்டுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் 18 சென்ட் சேர்த்து உழுதுவிட்டாரா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் 63.6 மீட்டர். செல்போன் ஒவ்வொரு மூலையையும் 3 மீட்டர் உள்ளே தள்ளிக் காட்டினால், பக்கம் 57.6 மீட்டர் ஆகிறது. அதன் பரப்பு எவ்வளவு தெரியுமா? சரியாக 82 சென்ட். எல்லா மூலையும் ஒரே மாதிரி உள்வாங்குவது அபூர்வம்தான். ஆனால் வரப்பின் மேல் நடக்காமல் உள்பக்கமாக உழவு ஓரத்தில் நடந்திருந்தால் அதுவே போதும். வேறு வேறு நாளில் மூன்று தடவை, வரப்பின் நடுவில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால் குறை செல்போனில். மூன்று தடவையும் 82-ஐ ஒட்டியே வந்தால், நில அளவைக்கு மனுக் கொடுத்து சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். செல்போன் எண்ணை எல்லைக்கு ஆதாரமாக யாரும் ஏற்க மாட்டார்கள். நீங்களும் ஏற்க வேண்டாம்.

கேள்வி: அப்பா காலத்துப் புலப்படத்தின் ஜெராக்ஸ் இருக்கிறது. அதில் நீளங்கள் லிங்க்ஸில் போட்டிருக்கின்றன. ஒரு எல்லைக்கல் காணவில்லை. படத்தைச் செல்போனில் பிடித்து, மேலே கூகுள் மேப்பில் பொருத்திக் கல்லைத் தேடலாமா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: புதைந்துபோன கல்லைத் தேட எங்கே தோண்டுவது என்று ஒரு யோசனை கிடைக்கும், அதற்கு மேல் வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் அளவு மாறியிருக்கும், மடிப்பு இருக்கும், செல்போனைச் சாய்த்துப் பிடித்தால் தூரத்து ஓரம் சிறுத்துவிடும். சாய்த்துப் பிடித்த போட்டோவுக்கு மேலே சொன்ன மூன்று அடையாள முறையும் உதவாது. அதில் படத்தை அளக்காதீர்கள், படத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் படியுங்கள். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். இருக்கிற இரண்டு கற்களிலிருந்து, காணாத கல்லுக்கு எழுதியிருக்கிற நீளங்களை மீட்டராக்கி, இரண்டு டேப்பை ஒரே நேரத்தில் இழுத்துப் பிடியுங்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கடப்பாரையால் மெல்லக் குத்திப் பாருங்கள். கல் தட்டுப்பட்டால் அதை அசைக்காமல் மண்ணை மட்டும் விலக்கி விடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தட்டுப்படாவிட்டால் நீங்களாக ஒரு கல்லை நடாதீர்கள், சர்வேயர் வரட்டும்.